மூச்சுத் திணறும் மூளைச் செல்: காப்புப் புரதங்களை மாலை வகுப்பில் கற்பிப்பது எப்படி

காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பகுதிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் செல்லைப் படிக்கிறார்கள், நரம்பு மண்டலத்தைப் படிக்கிறார்கள், புரதச் சேர்க்கையையும் படிக்கிறார்கள். ஆனால் மூன்றும் மூன்று தனிப் பாடங்களாகவே அவர்கள் மனத்தில் தங்கிவிடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காமல் போகும்போது ஒரு மூளைச் செல் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வி அந்த மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்துவிடும். மூன்று மாலைகள் ஒதுக்கினால் நிதானமாக நடத்தி முடிக்கலாம்.

தொடக்கத்தில் நான் இந்தப் பாடத்தைத் தவறாக நடத்தினேன். ஆபத்து வந்தால் செல் காப்புப் புரதங்களைத் தயாரித்துக்கொள்ளும் என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மகள் ஒருத்தி எழுந்து, “மிஸ், கரண்டே இல்லாதப்ப மோட்டார் எப்படி ஓடும்? புரதம் செய்யவும் ஏ.டி.பி. வேணும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டாள். ஏ.டி.பி. என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு. இந்தப் பாடத்தின் உயிர்நாடி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் அறவே நின்றுபோன இடத்தில் அந்தப் புரதம் உருவாவதே இல்லை. சிறிதளவாவது இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்திலும், நின்ற இரத்தம் திரும்பி வந்த இடத்திலும்தான் உருவாகிறது. அன்றிலிருந்து இந்தப் பாடத்தை நேரத்தையும் ஆற்றலையும் முதுகெலும்பாக வைத்தே நடத்திவருகிறேன். நீங்களும் அப்படியே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மாலை: ஆற்றல் கணக்கு

பலகையின் குறுக்கே ஒரு நீண்ட கோடு போட்டு, அதில் ‘நொடிகள்’, ‘நிமிடங்கள்’, ‘மணிகள்’, ‘நாட்கள்’ என்று நான்கு இடங்களைக் குறியுங்கள். மூன்று மாலைகளிலும் அந்தக் கோட்டை அழிக்க வேண்டாம். சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் அதன் மேல் உரிய இடத்தில் எழுதுங்கள்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான்; ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் சேமிப்பு இருக்கிறது. நரம்புச் செல்லிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீட்டைப் போன்றது அது. இந்த உவமையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். மூளைக்குப் போகும் இரத்தம் முழுவதுமாக நின்றால் ஏறத்தாழ 10 நொடிகளில் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிடங்களில் மீளாத சேதம் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டையும் கோட்டில் குறித்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆக்சிஜன் குறைவை உணர வைப்பதற்காக எந்தக் காரணத்தைக் கொண்டும் மாணவர்களை மூச்சடக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். கடலோரப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே ஒரு பந்தய விளையாட்டு. தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போட்டி போடுகிறவன் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயங்கி மூழ்கிவிடக் கூடும் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்து செல்லுக்குள் நடப்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும். நரம்புச் செல்லின் ஆற்றலில் பெரும்பங்கு சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புக்கே செலவாகிறது. ஏ.டி.பி. தீர்ந்ததும் அந்தப் பம்பு நிற்கிறது. சவ்வின் மின்னழுத்த வேறுபாடு சரிகிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை நரம்பு முனைகள் அளவுமீறிக் கொட்டுகின்றன. பக்கத்துச் செல்லின் கதவுகள் திறந்து, வெளியே உள்ளேயை விட ஏறத்தாழ 10,000 மடங்கு செறிவாக இருக்கும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கால்சியம், சும்மா இருந்த நொதிகளை எழுப்பிவிட்டுச் செல்லின் சட்டகத்தையே அரிக்க வைக்கிறது. கூடவே, ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸ் சிதைவதால் லாக்டிக் அமிலம் சேர்ந்து செல்லுக்குள் புளிப்பு ஏறுகிறது. இப்படி உப்புச் சமநிலையும் அமிலச் சமநிலையும் ஒரே நேரத்தில் குலையும்போது, துல்லியமாக மடிந்து நின்றால்தான் வேலை செய்யக்கூடிய புரதங்கள் தம் வடிவத்தை இழக்கத் தொடங்குகின்றன. முதல் மாலையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் மாலை: சிக்கு விழுந்த வலையும் அதைப் பிரிக்கும் கைகளும்

இரண்டாம் மாலைக்கு ஒரு முட்டை, ஒரு தம்ளர் சூடான பால், அரை எலுமிச்சம்பழம், ஒரு துண்டு பழைய வலை ஆகியவை போதும். முட்டையின் வெள்ளைக்கருவை வெந்நீரில் ஊற்றிக் காட்டுங்கள். கண்ணாடிபோல் இருந்தது வெள்ளைக் கட்டியாகிவிடும். மடிப்பு அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் திரிகிறது. அமிலத்தாலும் புரதம் திரளும் என்பதற்கு அது சாட்சி. செல்லுக்குள் எலுமிச்சை அளவுக்குப் புளிப்பு ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் அதையே விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாது. ஆனால் மடிப்பு அவிழத் தொடங்கிய நிலையிலேயே யாராவது தாங்கிப் பிடித்தால், புரதத்தை மீட்க முடியும்.

இப்போது வலைத்துண்டைக் கையில் எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், காசிமேடு துறைமுகத்தில் நிழல் கிடைத்த இடங்களிலெல்லாம் வலை பழுது பார்ப்பதை இந்தப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். சிக்கு விழுந்த வலையை யாரும் முரட்டுத்தனமாக இழுப்பதில்லை. ஒருவர் கால் பெருவிரலில் ஒரு கண்ணியை மாட்டிக்கொண்டு, சிக்கின் ஓர் ஓரத்தை இடக்கையால் பிடித்து மேலும் இறுகாமல் வைத்துக்கொண்டு, வலக்கையால் ஒரு நூலை மட்டும் தளர்த்துவார். பிடிப்பார், விடுவார், மறுபடி பிடிப்பார். எச்.எஸ்.பி.70 என்ற புரதம் செய்வது ஏறத்தாழ இதே வேலைதான். மடிப்பு அவிழ்ந்து வெளியே தெரியும் ஒட்டும் பகுதியை அது பற்றிக்கொள்கிறது. அந்தப் பகுதி இன்னொரு புரதத்தோடு ஒட்டாதபடி தடுக்கிறது. பிறகு விட்டுவிட்டு, சரியாக மடிய ஒரு வாய்ப்பு கொடுக்கிறது. பிடிப்பதும் விடுவதும் சேர்ந்த ஒவ்வொரு சுற்றுக்கும் ஏ.டி.பி. செலவாகிறது. சிக்கு விழுந்த புரதத்தை அதன் கையில் கொண்டுவந்து சேர்ப்பது எச்.எஸ்.பி.40 என்ற இன்னொரு புரதம். ஏ.டி.பி. இல்லாமலேயே சிக்கைத் தாங்கி மட்டும் வைத்துக்கொள்ளும் எச்.எஸ்.பி.27 போன்ற சிறு புரதங்களும் உண்டு. பெயரோடு வரும் எண்கள் அவற்றின் மூலக்கூறு எடையைக் கிலோடால்டனில் தோராயமாகக் குறிப்பவை என்று சொல்லிவிட்டால் மனப்பாடம் எளிதாகும்.

இவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற பெயர் வந்த கதையைத் தவறாமல் சொல்லுங்கள். 1960களின் தொடக்கத்தில் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் பணியாற்றிய ஒருவர் அடைகாப்புப் பெட்டியின் வெப்பநிலையை அறியாமல் கூட்டிவிட, குரோமோசோமில் அதுவரை காணாத இடங்களில் புதிய வீக்கங்கள் தென்பட்டன. அந்த இடங்களில் ஜீன்கள் மும்முரமாகப் படியெடுக்கப்படுகின்றன என்பது அதன் பொருள். அவர் அதோடு நிற்காமல், மைட்டோகாண்ட்ரியாவில் ஏ.டி.பி. உருவாவதைக் குலைக்கும் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார். அதே வீக்கங்கள் வந்தன. 1962இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. பெயரில் வெப்பம் இருந்தாலும், செல்லில் ஏ.டி.பி. உருவாவது குலைந்தாலும் இதே மணி அடிக்கும் என்பது முதல் ஆய்விலேயே வெளிப்பட்டுவிட்டது. அந்த ஜீன்களிலிருந்து உருவாகும் புரதங்கள் இன்னவை என்று 1974இல்தான் அடையாளம் கண்டார்கள். பெயரைப் பார்த்து, காய்ச்சல் வந்தால் மட்டும் உருவாகும் புரதம் என்று மாணவர்கள் எண்ணிவிடாமல் இருக்க இந்தக் கதை உதவும்.

மணி எப்படி அடிக்கிறது என்பதை நான் இப்படி நடத்துகிறேன். எச்.எஸ்.எஃப்.1 என்ற ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் சைட்டோபிளாசத்தில் எப்போதும் இருக்கிறது. சாதாரண நாட்களில் எச்.எஸ்.பி.90, எச்.எஸ்.பி.70 ஆகியவை அதைப் பிடித்து அமர்த்தி வைத்திருக்கின்றன. மடிப்புக் குலைந்த புரதங்கள் பெருகியதும், பிடித்திருந்த கைகள் அந்தச் சிக்கைப் பிரிக்கப் போய்விடுகின்றன. விடுபட்ட எச்.எஸ்.எஃப்.1 மூன்று மூன்றாக இணைந்து, உட்கருவுக்குள் நுழைந்து, எச்.எஸ்.பி.70 ஜீனின் முன்பகுதியில் அமர்ந்து, படியெடுத்தலைத் தொடங்கி வைக்கிறது. வேலை முடிந்து கைகள் ஓய்ந்ததும் அவை மீண்டும் எச்.எஸ்.எஃப்.1ஐப் பிடித்துக்கொள்வதால் மணி தானாக அடங்குகிறது. தலைமைப் புரதமாகிய எச்.எஸ்.பி.70இன் ஜீனில் இன்ட்ரான், அதாவது படியெடுத்த பின் வெட்டி நீக்க வேண்டிய துண்டு, இல்லை என்ற செய்தியையும் சொல்லுங்கள். வெட்டி ஒட்ட வேண்டிய வேலை இல்லாததால் அதன் தூது ஆர்.என்.ஏ. விரைவில் தயாராகிவிடுகிறது. பாடநூலில் இன்ட்ரான் என்ற சொல்லைப் படித்து அதனால் என்ன பயன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இன்னொரு மணியும் இருக்கிறது, மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் அதில்தான். ஹிஃப்-1 என்ற புரதம் ஆக்சிஜன் அளவையே நேரடியாகக் கவனிக்கும் அமைப்பைச் சேர்ந்தது. அதன் ஆல்ஃபா பகுதியைச் செல் இடைவிடாமல் தயாரிக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, அந்த ஆக்சிஜனைக் கொண்டே ஒரு நொதி அதன்மீது முத்திரை குத்தி அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை குத்த முடியாது, ஹிஃப் நிலைத்து நிற்கிறது. இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின், புதிய இரத்தக் குழாயை வளர்க்கும் காரணி, குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதம் ஆகியவற்றின் ஜீன்களை இயக்குகிறது. இதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். வேறுபாட்டை ஒரே வரியில் எழுதிப் போடுங்கள்: எச்.எஸ்.எஃப்.1 சிக்கு விழுந்ததைப் பார்த்து எழுகிறது, ஹிஃப் காற்று குறைந்ததைப் பார்த்து எழுகிறது.

மூன்றாம் மாலை: எந்த இடத்தில், எப்போது

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போதுதான் விடை சொல்லப் போகிறோம், ஆகவே இந்த மாலைக்கு நிறைய நேரம் வையுங்கள். மூளையின் ஓர் இரத்தக் குழாய் அடைபட்டால் பாதிக்கப்படும் பகுதி முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கிரகணப் பாடத்தில் கருநிழலும் புறநிழலும் படித்திருக்கிறார்களே, அதே படத்தைப் போடுங்கள். நடுவே இரத்தம் ஏறத்தாழ முற்றிலும் நின்ற கருநிழல். சுற்றிலும் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் இரத்தம் கசிந்து வரும் புறநிழல். மருத்துவர்கள் பெனும்ப்ரா என்று சொல்வது இந்தப் புறநிழலைத்தான். எலிகளின் மூளையில் செய்த ஆய்வுகளில், கருநிழலில் உள்ள நரம்புச் செல்கள் எச்.எஸ்.பி.70ஐத் தயாரிக்க முடியாமலேயே மடிந்தன. அங்கே அந்தப் புரதம் தென்பட்டது பெரும்பாலும் இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில்தான். புறநிழலில் நரம்புச் செல்களிலேயே அது தென்பட்டது. துன்பத்தை உணரும் அளவுக்கு ஆக்சிஜன் குறைந்தும், புரதம் செய்யும் அளவுக்கு ஏ.டி.பி. மிஞ்சியும் இருந்த இடம் அது.

அங்கேயும் அது எளிதான வேலையாக இருப்பதில்லை. ஆபத்துக் காலத்தில் செல் வழக்கமான புரதத் தயாரிப்பையெல்லாம் நிறுத்தி வைக்கிறது; செல்லுக்குள் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாச வலையில் சிக்கல் எழுந்ததும் ரைபோசோமைத் தொடங்க வைக்கும் ஒரு காரணியில் பாஸ்பேட் ஒட்டப்பட்டு அந்த நிறுத்தம் நிகழ்கிறது. அந்த நெருக்கடியிலும் எச்.எஸ்.பி.70இன் செய்தி முன்னுரிமை பெற்றுப் புரதமாக வேண்டும். இரத்தம் திரும்பிய பின் சில மணி நேரம் கழித்தே புரதம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்கிறது. ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தை எட்டுகிறது. பலகைக் கோட்டில் ‘மணிகள்’ என்ற இடத்தைத் தாண்டி இதை எழுதும்போது, ‘நிமிடங்கள்’ என்ற இடத்தில் எழுதிய சேதத்துக்கும் இதற்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டி ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். வகுப்பு தானாகவே அதைக் கவனிக்கும்.

மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பாகத்தில் நினைவாற்றலுக்கு இன்றியமையாத சி.ஏ.1 என்ற பகுதி இதற்கு மிக நுட்பமான சாட்சி. சில நிமிடங்கள் இரத்தம் நின்று திரும்பினால், அங்குள்ள செல்கள் உடனே சாவதில்லை. இரண்டு முதல் நான்கு நாட்கள் கழித்தே மடிகின்றன. அந்தச் செல்களில் எச்.எஸ்.பி.70இன் தூது ஆர்.என்.ஏ. நீண்ட நேரம் இருக்கிறது, ஆனால் புரதமாக மாறுவதில்லை. உத்தரவு எழுதப்பட்டது, நிறைவேறவில்லை. படியெடுத்தலும் புரதச் சேர்க்கையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. நரம்புச் செல்கள் பொதுவாகவே எச்.எஸ்.எஃப்.1 மணியை அடிப்பதில் மந்தமானவை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் கிளியா செல்களே இப்புரதங்களை விரைவாகவும் மிகுதியாகவும் செய்கின்றன.

கிளியா தான் செய்ததைப் பக்கத்து நரம்புக்குக் கொடுக்குமா என்று கேட்டால், கொடுக்கும் என்பதற்கான முதல் சான்றுகளில் ஒன்று கணவாயிலிருந்து வந்தது. காசிமேட்டு மீன் ஏலத்தில் கடம்பா என்று கூவி விற்கிறார்களே, அந்த இனந்தான். சில கணவாய் வகைகளில் உடலைச் சுருக்கி நீரைப் பீய்ச்சும் நரம்பிழை வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தடித்தது. 1986இல் வெளியான ஓர் ஆய்வு, கிளியா செய்த வெப்ப அதிர்ச்சிப் புரதம் அந்த நரம்பிழைக்குள் போய்ச் சேருவதைக் காட்டியது. ஒரு கடம்பாவை வாங்கி வந்து வகுப்பில் காட்டினால் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மறக்காது.

ஜெர்பில் என்ற சிறு கொறிப்பிராணியில் 1990இல் கண்டறிந்த தாங்குதிறன் நிகழ்வையும் சொல்லலாம்: இரண்டு நிமிடத் தடைகளை முன்கூட்டியே கொடுத்து ஓரிரு நாள் இடைவெளி விட்டால், பிறகு வரும் ஐந்து நிமிடத் தடையைச் சி.ஏ.1 செல்கள் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. முன்கூட்டிய தடைகள் நீங்கி இரத்தம் திரும்பிய பின் தயாரான காப்புப் புரதங்கள் அதற்கு ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் அளவு பார்த்துச் செய்த இந்தச் சோதனையை எவரும் தம் உடலில் செய்து பார்க்கக் கூடாது என்று அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

கடைசி அரை மணி நேரத்தைப் பக்கவாதத்துக்கு ஒதுக்குங்கள், அதை விட்டுவிட எனக்கு மனம் வராது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு காலை என் தந்தையின் கையிலிருந்து தேநீர் தம்ளர் நழுவியது; குனிந்து எடுக்கப் போனவரின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் ஊசி போட்டு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பினோம். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அவருடைய வலக்கை அதன் பிறகு தம்ளரைப் பிடிக்கவே இல்லை. புறநிழல் என்ற சொல்லை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

பெரிய இரத்தக் குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான கணக்கீடு. குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள்ளும், ஸ்கேனில் புறநிழல் உயிரோடு இருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். ஆகவே மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்க வேண்டும், ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகும்படி கேட்க வேண்டும். தண்ணீரோ காபியோ வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். ஆஸ்பிரின் மாத்திரையையும் வீட்டில் கொடுக்கக் கூடாது. அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரை ஆளைக் கொன்றுவிடக் கூடும். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று மாலைகள் முடிந்ததும் மதிப்பெண் போடும் கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். பலகையில் இருந்த அதே நேரக்கோட்டை நோட்டில் வரைந்து, எச்.எஸ்.பி.70 எந்த இடத்தில் உருவாகிறது என்று அம்புக்குறி போட்டு வரச் சொல்லுங்கள். பாதிப் பேராவது அந்த அம்பைக் கருநிழலின் நடுவில், ‘நிமிடங்கள்’ என்ற இடத்தில் போட்டிருப்பார்கள். அந்த நோட்டுகளைத் தனியே எடுத்துவைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து, ஏ.டி.பி. எங்கிருந்து வரும் என்று கேட்டு, அம்பை அவர்கள் கையாலேயே நகர்த்த வையுங்கள்.